மேஜைக்கு அடியில் தலை நுழைத்தவள்

அவளுக்கு எதையும் மேலிருந்து பார்க்கத் தெரியாது. பஸ் வந்து நின்றால் எல்லோரும் படிக்கட்டைப் பார்த்து ஓடுவார்கள். அவள் குனிந்து சக்கரங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். ஆரம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் ஒருமுறை கண்டக்டர் கத்தியே விட்டார்.

"இன்னாம்மா, ஏறப்போறியா, படுக்கப்போறியா?"

"அடியில ஆயில் ஒழுவுது நைனா. டிரைவராண்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். டிரைவர் முணுமுணுத்தபடி இறங்கிப் பார்த்தார். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கத்திலிருந்து உள்ளே போகிற பாதையில் இருக்கும் ஒரு குப்பம் அவளுடையது. கையால் இறால் பிடிக்கும் பெண்களில் ஒருத்தி. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தத் தாளையும் திருப்பிப் பார்த்து, "பின்னால ஒண்ணும் எழுதலயே சாரே" என்று கேட்கக்கூடிய ஆள். என்னைவிட இரண்டு வயது இளையவள் என்பதால் இங்கே 'அவள்' என்கிறேன். நேரில் எனக்கு 'நீங்க' தவிர வேறெதுவும் வாயில் வந்ததில்லை. அவளோ முதல் நாளே 'வா சாரே, போ சாரே'தான்.

கையால் இறால் பிடிப்பது என்றால் வலை இல்லை, தூண்டில் இல்லை, படகு இல்லை. நீர் வடியும் நேரம் பார்த்து ஆழமில்லாத பக்கத்தில் இறங்கி, மண்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். பனையோலையில் பின்னிய சிறு கூடை ஒன்று உண்டு, பறி என்பார்கள். அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அகப்பட்ட இறாலை இரண்டு உதறு உதறி அதில் போடுவார்கள். வாயில் பறி இருப்பதால் தண்ணீருக்குள் பேச்சு கிடையாது. அத்தனை நேரப் பேச்சையும் சேர்த்துவைத்துக் கரையேறியதும் பேசுவார்கள். அப்போது பக்கத்தில் நிற்கிறவன் பாடு திண்டாட்டம். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, மேலே தெரிகிற எதன் மீதும் அவளுக்கு நம்பிக்கை வந்ததே இல்லை.

அவள் கல்யாணக் கதையை அந்தக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் காலைத் தூக்கிக் காட்டச் சொன்னாளாம். உள்ளங்காலை! வந்தவர்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. "மூஞ்சிய எவன் வேணா கழுவிக்கினு வரலாம். உள்ளங்கால் பொய் சொல்லாது" என்றிருக்கிறாள். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். வெடிப்பும், கிளிஞ்சல் கிழித்த தழும்புமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, காப்பி குடு" என்று தாயிடம் சொன்னாளாம். நான் அவரிடமே இதைக் கேட்டேன். "ஆமா சார். இன்னிக்கும் செருப்பக் கழட்டுனா ஒருவாட்டி பாத்துக்குது" என்றார் அவர், பெருமையாக.

எப்போதும் அவள் பக்கமே நியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவையும் வெள்ளை வேட்டியுமாக இருபது பேர் கரையில் நிற்க, புதிதாக வந்த ஃபைபர் படகைக் கவிழ்த்து அடியைக் காட்டினால்தான் ஏறுவேன் என்று இவள் உட்கார்ந்துவிட்டாள். கவிழ்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்து, இரண்டாவது பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். அவள் நாத்தனார் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாளாம். "ஒண்ணும் இல்லன்னு இப்பதான தெரியுது?" என்று மட்டும் பதில் சொன்னாளாம் இவள்.

இப்படிப்பட்டவள் இருக்கும் ஊருக்குத்தான் நான் என் மேஜையைக் கொண்டுபோனேன்.

அப்போது நான் சென்னையில், ஏரிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு சின்னக் குழுவில் வேலையில் இருந்தேன். விரல் பட்டால் வேலை செய்யும் போன்கள் எல்லோர் கைக்கும் மெல்ல வந்துகொண்டிருந்த நேரம். என் மேஜையும் அப்படித்தான், ஆனால் ஒரு கட்டில் அகலம். போனில் ஒருவர்தான் தொட முடியும். இதில் சுற்றி நின்று இருபது பேர் ஒரே நேரத்தில் தொடலாம். அடிப் பெட்டிக்குப் பலகை அறுத்ததிலிருந்து கம்பியை ஒட்டியதுவரை நானே செய்தது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்றா சொன்னேன்? தலை கனத்துக் கழுத்து வலிக்கும் அளவுக்குக் கர்வம். எளாவூர் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, "இன்னாபா, ஐஸ் பொட்டியா? மீன் எங்க?" என்று கேட்டார் ஒருவர். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேஜை போன காரணம் இது. ஏரிக்குள் படகுப் பாதையைத் தோண்டி ஆழமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. தோண்டிய சேற்றை எங்காவது கொட்ட வேண்டும். யாரும் தொழில் செய்யாத இடமாகப் பார்த்துக் கொட்டுவது என்று முடிவாகி, யார் எங்கே பிடிக்கிறார்கள் என்ற வரைபடத்தைத் தயாரிக்க எங்கள் குழுவிடம் சொல்லியிருந்தார்கள். படகுக்காரர்களுக்குக் கவலையில்லை. எந்த நாள் யார் எங்கே வலை போடுவது என்று அவர்களுக்குப் பாடு முறை இருக்கிறது, சீட்டுக் குலுக்கி முறை வைத்து, ஊரறிய. பெண்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவர்கள் உட்காரும் பக்கம் பழைய படங்களில் எல்லாம் வெறும் வெள்ளையாகவே கிடந்தது. வெள்ளை என்றால் காலி. காலி என்றால் சேறு வந்து விழும். இறால் பதுங்கும் மெத்துமெத்தென்ற மண்மேல் ஆள் உயரத்துக்குச் சேறு விழுந்தால், அந்தப் பெண்களின் பிழைப்பு அதோடு மூடியது.

அதைச் சரிபார்க்க அரசு அதிகாரி ஒருவர் ஒரு நாள் வருவார். அவர் முன்னால் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்று தங்கள் இடத்தை விரலால் தேய்த்துக் காட்ட வேண்டும். காட்டியது பதிவாகும். காட்டாதது காலி. இதுதான் ஏற்பாடு.

ஒரு வாரம் முன்பே சமுதாயக் கூடத்தில் மேஜையைப் போட்டேன். ஏரி அப்படியே பலகையில் மிதந்ததும் ஊரே கூடிவிட்டது. இரண்டு விரலை விரித்தால் படம் பெரிதாகும், குவித்தால் சிறுக்கும். ஒரே கூச்சல். அவள் மட்டும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்தாள்.

"அடியில இன்னா கீது?"

"கம்ப்யூட்டர்."

"அது தெரியுது. மேல தொட்டது அதுக்கு எப்டித் தெரியுது?"

"சென்சார் இருக்கு" என்றேன். மேற்கொண்டு கேள்வி வராமல் இருக்க நாங்கள் சொல்கிற வார்த்தை அது.

"சென்சார்னா இன்னா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டாள். எனக்கு முன்கோபம் அதிகம். கத்தியிருப்பேன், ஆனால் அதற்குள் உள்ளேயிருந்து அடுத்த கேள்வி வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் நானும் மண்டிபோட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.

மேலே கண்ணாடி மாதிரித் தெரிவது கண்ணாடி இல்லை, விரல் தடிமனில் ஒரு அக்ரிலிக் பலகை. அதன் நான்கு விளிம்பிலும் பொடிப் பொடி விளக்குகள் பதித்திருந்தேன். டிவி ரிமோட்டின் மூக்கில் இருக்குமே, அதே விளக்குதான்; அதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. விளிம்பு வழியாக உள்ளே போன ஒளி பலகைக்குள்ளேயே மேலும் கீழும் முட்டி முட்டி ஓடிக்கொண்டிருக்கும், வெளியே வராது. பலகைமேல் ஒரு விரல் அழுந்தி ஒட்டினால், ஒட்டிய அந்த இடத்தில் மட்டும் ஒளி தப்பி, தோலில் பட்டுக் கீழே சிதறும். கீழே ஒரு கேமரா மல்லாந்து பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒவ்வொரு விரலும் ஒரு வெள்ளைப் புள்ளி. கணினி அந்தப் புள்ளிகளுக்கெல்லாம் எண் போட்டு, ஒரு கண் இமைப்பதற்குள் பலமுறை பார்த்து, எந்த எண் எங்கே நகர்ந்தது என்று பின்தொடரும். அதனால்தான் எத்தனை பேர் தொட்டாலும் அதற்குக் குழப்பமில்லை.

ஏரிப் படத்தைக் காட்டுவது உள்ளே படுத்திருக்கும் புரொஜெக்டர். அதன் ஒளி ஒரு முகக்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பலகைக்கு அடியில் ஒட்டாமல் விரித்திருந்த ட்ரேசிங் தாளில் விழும். அந்த வெளிச்சம் கேமராவைக் குழப்பாமல் இருக்க, பொன்னேரியில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் கறுத்துப்போன பிலிம் நெகட்டிவ் துண்டு வாங்கிக் கேமராவின் முன்னால் ஒட்டியிருந்தேன். நாம் பார்க்கும் ஒளியை அது மறிக்கும். ரிமோட் விளக்கின் ஒளியை மட்டும் உள்ளே விடும்.

உள்ளே இருந்த லேப்டாப்பில் கேமராவுக்குத் தெரிவது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். அவள் அரை மணி நேரம் அதையே பார்த்தாள். "தொடு... எடு... இன்னும் அமுத்து" என்று மேலே நின்றவர்களை விரட்டினாள். வெளியே வந்தபோது முடியெல்லாம் தூசி.

"நீ சொன்னது தப்பு சாரே. தொட்டது அதுக்குத் தெரியல. அது அடியிலேர்ந்து பாக்குது, அவ்ளோதான். நாங்க பாக்காம தொடுறோம். அது தொடாம பாக்குது."

எத்தனையோ கருத்தரங்கில் இதை விளக்கிக் கைதட்டு வாங்கியவன் நான். இவ்வளவு சுருக்கமாக எனக்கே சொல்லத் தெரிந்ததில்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒப்புக்கொள்ளவில்லை. இறால் வாடையும் ஈரமுமாகப் பலகை இருந்த நிலையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. துடைத்து முடித்ததும் கொட்டை எழுத்தில் ஒரு அட்டை எழுதிச் சுவரில் ஒட்டினேன்: 'கையைக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே தொடவும்.'

அந்த நாளும் வந்தது. வெயில் உள்ளே வந்தால் கேமரா குருடாகிவிடும் என்று ஜன்னல்களை எல்லாம் சாத்தி, மின்விசிறிகளை முழு வேகத்தில் விட்டிருந்தேன். முதலில், அவளையும் சேர்த்துக் கையால் பிடிக்கும் பெண்கள் பதினோரு பேரும் வந்தார்கள். பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவைகள், தலை நிறையப் பூ. ஷேர் ஆட்டோவில் யாரோ ஒரு தடவை மூக்கைப் பொத்திக்கொண்டதை அவர்கள் மறக்கவில்லை போலும். அதிகாரி பக்கத்தில் நிற்கப்போகிறோம் என்று கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்து, அது போதாதென்று முகத்துக்குப் போட்ட பவுடரை முழங்கைவரை பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். கூடமே மணந்தது. என் அட்டைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உச்சி குளிர்ந்தது. முட்டாள்.

படகுக்காரர்கள் கரையிலிருந்து நேரே வந்தார்கள். என் அட்டையை ஒருவர்கூடப் படிக்கவில்லை. ஈரக் கையை லுங்கியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பலகையில் வைத்தார்கள். விரல் போன வழியெல்லாம் ஏரியில் நீலக் கோடு ஓடியது. பத்து நிமிடத்தில் அவர்கள் பக்கம் முடிந்தது.

பெண்கள் தொட்டார்கள். ஒன்றும் வரவில்லை. அழுத்தித் தேய்த்தார்கள். அங்கங்கே ஒரு துணுக்குக் கோடு தோன்றி உடனே அழிந்தது. நான் நிரலை மூடித் திறந்தேன். மறுபடி தொட்டார்கள். வெள்ளை இடம் வெள்ளையாகவே இருந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை, அவசரத்தில் இருந்தவர். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் திரும்பினார்.

"லேடீஸ் பக்கம் ஒண்ணும் பதிவாகலையே. அப்ப இந்த ஏரியா காலின்னே எடுத்துக்கலாம் இல்ல?"

அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் நாத்தனார் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வெரலு இதுக்கு ஆவலயா சாரே?" என்று என்னைக் கேட்டாள். என் வாழ்க்கையில் நான் அவமானத்தில் கூனிப்போன தருணங்கள் சில உண்டு. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வைக்க அவற்றில் ஒன்றும் இல்லை. நெற்றி வியர்வை பலகையில் சொட்ட, நான் மேலேயே எதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதிகாரியின் காலடியில் குனிந்து, கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள்.

"அண்ணி, தொடு... இன்னும் அமுத்து. அந்தப் படகுக்கார அண்ணன தொடச் சொல்லு. ம். மறுபடி நீ."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாரே, அவரு வெரலு பளிச்சுனு கீது. அண்ணி வெரலு பொகையாட்டம் கீது. ஒட்டவே இல்ல." வெளியே வந்து தன் விரலை மூக்கருகே வைத்து முகர்ந்தாள். "பவுடரு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோலுக்கும் பலகைக்கும் நடுவே மயிரிழை காற்று இருந்தாலும் ஒளி தப்பாது. உப்பிலும் சேற்றிலும் காய்ந்து வெடித்த விரல்கள் அவை. அதன்மேல் எலுமிச்சை, அதன்மேல் பவுடர், அதன்மேல் மின்விசிறிக் காற்று. துடைக்கச் சொன்னவன் நான்!

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. நேராகப் போய் என் அட்டையைக் கிழித்தாள். "எல்லாரும் ஏரிக்கி வாங்கடி" என்றாள். பதினோரு பேரும் பட்டுப்புடவை சலசலக்க ஓடினார்கள். வாசலிலிருந்து இருபது அடியில் தண்ணீர். திரும்பி வந்தபோது கை மணிக்கட்டுவரை நனைந்திருந்தது. "ரொம்பத் தண்ணி இருந்தா இல்லாத புள்ளியெல்லாம் வரும்" என்று நான் பதறினேன். "இறால ஒதறுறாப்ல ரெண்டு ஒதறு" என்று அவள் உத்தரவு போட்டாள். பதினோரு பேரும் ஒன்றாக உதறினார்கள். அதிகாரியின் சட்டையிலும் தெறித்தது.

பிறகு அவர்கள் ஒரு விரலால் தொடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் பரப்பி வைத்து, தண்ணீரில் எப்படித் துழாவுவார்களோ அப்படித் துழாவினார்கள். ஏரியின் அந்த வெள்ளைப் பக்கம் பச்சை பச்சையாகப் பற்றிக்கொண்டது. "கோரப்பள்ளம்!" "இது நத்தமேடு!" "அத்த தாண்டி மூச்சுக்குழி, என் எடம்!" உதவியாளர் எழுதி மாளவில்லை.

பச்சை போய்ப் போய் நீலக் கோட்டின் அருகே நின்றது. ஒரு இடத்திலும் ஏறவில்லை. வளைந்த இடத்தில் வளைந்து, ஒதுங்கிய இடத்தில் ஒதுங்கி, இரண்டும் ஒட்டித் தைத்ததுபோலப் பொருந்தின. அதிகாரி குனிந்து அந்த எல்லையைப் பார்த்தார்.

"நீங்க முன்னாடியே பேசி வச்சுக்கிட்டீங்களா?"

படகுக்காரர்களில் மூத்தவர் தலையை ஆட்டினார். "பேசுறதுக்கு இன்னா கீது சார்? பொம்பளைங்க உக்காந்துகினு கீற எடத்துல நாங்க வல வுடமாட்டோம். அவங்க வாயில பறி இருக்குது, கூவ முடியாது. படகு மேல வந்தா எப்டிச் சொல்லுவாங்க? எங்க நைனா காலத்துலேர்ந்து அந்தப் பக்கம் போறதில்ல."

"இதை ஏன் இத்தனை நாளா யாரும் சொல்லல?"

"நீங்க எங்க எடத்தத்தான கேட்டீங்க?"

அதிகாரி நிமிர்ந்து, "சரி, பதிவு பண்ணுங்க" என்றார். பண்ண முடியவில்லை. 'கருவி' என்ற கட்டம் காலியாக இருந்தால் பதிவு ஏறாது. அப்படிச் செய்துவைத்ததும் நான்தான். பட்டியலில் எட்டு வகை வலை இருந்தது, தூண்டில் இருந்தது. இவர்களுக்கு ஒன்றும் இல்லை.

"கருவி இல்லாம இதைத் தொழில்னு நான் எப்படிம்மா காட்டுறது?"

அவள் இரண்டு கையையும் மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள். கிளிஞ்சல் கிழித்த கோடுகள், நகக்கண்ணில் எலுமிச்சைக்கும் போகாத கறுத்த சேறு. "இது இன்னா சார், வாடகைக்கா எடுத்தாந்தேன்?"

கூடம் சிரித்து ஓய்வதற்குள் நான் விசைப்பலகையை இழுத்துப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்தேன். 'பதிவு செய்' என்ற பொத்தான் ஏரியின் நடுவே வந்து நின்றது. அதிகாரி ஆள்காட்டி விரலால் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை தொட்டார். ஏசி காரில் காய்ந்து வந்த விரல். அவருக்குக் குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை அவள் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நன சார்."

அவர் விரலை நனைத்து, கொஞ்சம் வெட்கத்தோடு இரண்டு உதறு உதறி, பொத்தானில் வைத்தார். ஏறியது. படகுக்காரர்கள் விசிலடித்தார்கள். பெண்கள் போட்ட குலவை ஆரம்பாக்கம் ரயிலடிவரை கேட்டிருக்கும். கத்தியவர்களில் நானும் ஒருவன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

சேறு வேறு இடத்துக்குப் போயிற்று. அவர்கள் இன்றும் நீர் வடியும் நேரத்தில் கோரைப்பள்ளத்தில் உட்காருகிறார்கள். அந்த வரைபடத்தின் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளையாகக் கிடந்த இடத்தில் பதினோரு இடப்பெயர்கள். பக்கத்துக் கட்டத்தில், கருவி என்ற தலைப்பின் கீழ், அரசாங்க முத்திரைக்கு நேர் மேலே, கொட்டை எழுத்தில்: கை.